கரண்ட் பில் மூன்று மடங்கு: குற்றவாளி மீட்டரா, மாமியார் அறை ஹீட்டரா?

குன்னூருக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து, சாரத்தை மட்டும் தருகிறேன்.

சரிவில் கட்டிய இரண்டு அடுக்கு வீடு. மேலே அவர், கணவர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள், ஐப்பசியில் வந்து தங்கிய எண்பத்தைந்து வயது மாமியார். கீழ்ப்பகுதி வாடகைக்கு விடப்பட்டுள்ளது, அதற்குத் தனி மீட்டர். சென்ற குளிர்காலத்தில் இரண்டு மாதக் கணக்கு 480 யூனிட், கட்டணம் 1,679 ரூபாய். இந்தக் குளிர்காலத்தில் 840 யூனிட், 5,190 ரூபாய். இடையில் பழைய மீட்டரை மாற்றி டிஜிட்டல் மீட்டர் வைத்திருக்கிறார்கள். “இது ஸ்மார்ட் மீட்டர், வேகமாகத்தான் ஓடும் என்று தெருவே சொல்கிறது. மீட்டரில் இரண்டு சிவப்பு விளக்குகள். ஒன்று மினுக்குகிறது, இன்னொன்று அணையாமல் எரிகிறது. கணவர் மகளின் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று தினமும் சண்டை போடுகிறார். நான் இரவில் ஃபிரிட்ஜை அணைத்து வைக்கிறேன். நாற்பது சதவீதம் மிச்சப்படுத்தும் என்று ஒருவர் ஒரு கருவியை விற்றுப் போயிருக்கிறார். கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் லைனில் எடுக்கிறார்களோ என்ற சந்தேகமும் உண்டு. கீழே வயரிங் மாற்றிய பிறகு எங்கள் டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்ததால் எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிட்டார். மாமியார் அறையில் ஆயில் ஹீட்டர் இருக்கிறது. ஆனால் அது அதிகம் இழுக்காது என்று கடையில் சொன்னார்கள். அலமாரியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு எரிகிறது. மீட்டரை மாற்றச் சொல்லி எழுதட்டுமா? நிஜமான ஸ்மார்ட் மீட்டர் கேட்டு வாங்கினால் எது எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துவிடுமா?” என்பது கடிதம்.

சகோதரி, நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் சொல்லிச் சென்ற இரண்டு விஷயங்கள்தான் என்னை நிறுத்திவைத்தன. அணையாமல் எரியும் அந்த விளக்கு ஒன்று, மின்கசிவு நேர்ந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் டிரிப் சுவிட்ச் கழற்றப்பட்டது மற்றொன்று. இவை பில்லுக்கும் முந்திய விஷயங்கள். அவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: அந்த விளக்குக்குக் காரணம் தெரியும்வரை, கீசரில் தண்ணீர் சுட்டதும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் யாரும் குளிக்க வேண்டும். மாமியாரைக் குளிப்பாட்டுபவருக்கும் சொல்லிவையுங்கள்.

ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்

கட்டணம் மூன்று மடங்கு ஆனதால் மின்சாரமும் மூன்று மடங்கு ஓடியதாக நினைக்கிறீர்கள். ஓடியது ஒன்றே முக்கால் மடங்கு. மிச்சத்தைச் செய்தது கட்டண அடுக்கு.

2024 ஜூலையில் வீடுகளுக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த நூறு யூனிட் 2.35 ரூபாய், பிறகு 400 வரை 4.70, ஐந்நூறு வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை பறிபோகிறது. அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 கட்ட வேண்டும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50. எனவே 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய், 501 ஓடிய வீட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! உங்கள் கணக்கில் அறுநூறுக்கு மேல் போன 240 யூனிட் மட்டும் 2,310 ரூபாயைத் தின்றிருக்கிறது. 1932-இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மாவட்டம் நம்முடையது. ஆனாலும் மலைக்குளிருக்கென்று தனி அடுக்கு கிடையாது. மதுரைக்கு என்ன விலையோ அதுவேதான் குன்னூருக்கும்.

ஆக, நாம் தேட வேண்டியது 3,500 ரூபாயை அல்ல, 360 யூனிட்டை. தேடுவதற்குச் சுலபமான அளவுதான் இது.

உங்களிடம் இருப்பது ஸ்மார்ட் மீட்டர் அல்ல

கணக்கீட்டாளர் இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் படியேறி வந்து ரீடிங் எடுக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸ்மார்ட் மீட்டராக இருந்தால் அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகரில் சோதனை முறையில் அவற்றைப் பொருத்தினார்கள். உங்கள் வீட்டில் இருப்பது சாதாரண எலக்ட்ரானிக் மீட்டர். எண்கள் திரையில் ஓடுவதால் மட்டும் அது ஸ்மார்ட் ஆகிவிடாது.

ஸ்மார்ட் மீட்டர் வேகமாக ஓடும் என்பதும் வதந்திதான். அளக்கும் வேலையை அதுவும் எலக்ட்ரானிக் மீட்டரைப் போலவே செய்கிறது. கூடுதலாக, 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஓடியது என்பதைப் பதிந்து அனுப்பும். மலைமடிப்பில் சிக்னல் இல்லாவிட்டால் நினைவில் வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும். ஆனால் கீசர் இவ்வளவு, ஹீட்டர் இவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது. வீட்டுக்குள் நுழையும் மொத்த மின்சாரம்தான் அதற்குத் தெரியும். இரவு எட்டு மணிக்குக் கோடு ஏறுவதைச் செல்பேசியில் பார்த்துவிட்டு, எட்டு மணிக்கு எதைப் போட்டோம் என்று யோசிக்க வேண்டியவர் நீங்கள்தான். அதை இப்போதைய மீட்டரை வைத்தே செய்துவிடலாம்.

பழைய சக்கர மீட்டர் பற்றி ஒரு வார்த்தை. வயதான சக்கர மீட்டர்கள் சிறு சுமைகளைச் சரியாகப் பதியாமல் விடுவதுண்டு. புதியது அவற்றையும் எண்ணும். அதனால் சிறிது கூடியிருக்கலாம். 360 யூனிட்டை அது விளக்காது.

மினுக்கும் விளக்கை எண்ணுங்கள்

மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் 3200 என்று இருக்கிறது. மினுக்கும் விளக்கு 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி 18.75-ஆல் பெருக்கினால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். ஃபிரிட்ஜ், மோடம், அந்தக் குண்டு பல்பு மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு எட்டு முறை, அதாவது 150 வாட் என்கிற அளவில் இருக்கலாம். 2,000 வாட் கீசரைப் போட்டால் நூறைத் தாண்டும். அதை எண்ண முடியாது. இருபது மினுக்கலுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். பதினொரு விநாடி என்றால் கீசர் சொன்ன அளவே இழுக்கிறது என்று பொருள்.

ஒவ்வொரு சாதனத்தையும் போட்டும் அணைத்தும் ஒரு மாலை இதைச் செய்யுங்கள். மகளைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையில் இருப்பதுதான் நியாயம். பிறகு ஒரு வாரம், காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மீட்டர் திரையைச் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். திரையில் தேதி, வோல்டேஜ் என்று பல எண்கள் மாறி மாறி வரும். யூனிட் எண் வரும்போது எடுங்கள். உங்கள் மனத்தில் நிற்க வேண்டிய எண் எட்டு. நாளுக்கு எட்டு யூனிட்டில் நின்றால் இரண்டு மாதத்தில் ஐந்நூறைத் தாண்டமாட்டீர்கள். இப்போது நாளுக்குப் பதினான்கில் இருக்கிறீர்கள்.

என் கணக்கில் யார் யார்

நீங்கள் சொன்ன நேரங்களை வைத்து நானும் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் 60 நாளுக்கு.

மகளின் மடிக்கணினி அறுபது வாட், ஒன்பது மணி நேரம் என்றாலும் 32 யூனிட். மோடத்தையும் சேர்த்தால் ஐம்பதைத் தொடாது. தந்தையிடம் இந்த வரியைப் படித்துக் காட்டலாம். அலமாரியில் இரவும் பகலும் எரியும் நாற்பது வாட் பல்பு 58 யூனிட். பாருங்கள், யாரும் சண்டை போடாத பல்பு, மகளின் கணினியைவிட அதிகம் குடித்திருக்கிறது. வெயில் வரும் நாள்களில் அலமாரியைத் திறந்துவைத்து, ஈரம் உறிஞ்சும் பொடி டப்பாக்களை வைத்தால் போதும். பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் சூடான பல்பு எரிவதில் எனக்கு வேறு கவலையும் உண்டு.

ஃபிரிட்ஜை இரவில் அணைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். காலையில் அது இழந்த குளிரை மீட்க ஓடும், மிச்சமாவது மிகச் சொற்பம், மாவும் பாலும் கெடுவதுதான் மிச்சம். குன்னூர்க் குளிரில் ஃபிரிட்ஜ் சோம்பேறியாகத்தான் இருக்கும்.

வெந்நீர்தான் நம் மலையின் தனிச் செலவு. குழாயில் 14 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, இருபது லிட்டர் வாளிக்கு 0.6 யூனிட் வேண்டும். சமவெளியில் 27 டிகிரியில் வரும் தண்ணீருக்கு அதில் பாதி போதும். நான்கு பேர், ஆளுக்கொரு வாளி என்றால் 145 யூனிட். இது இயற்பியல். எந்த நட்சத்திர முத்திரைக் கீசரும் இதைக் குறைக்க முடியாது. நட்சத்திரம் குறைப்பது, சுட்ட தண்ணீர் தொட்டிக்குள் சும்மா இருந்து ஆறும் இழப்பை. எனவே நாள் முழுக்க கீசரைப் போட்டு வைக்காமல், எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்து முடித்து அணைத்துவிடுங்கள்.

இனி ஆயில் ஹீட்டர். அது குறைவாக இழுக்கும் என்று கடையில் சொன்னது சரியல்ல. கம்பி ஹீட்டரோ, விசிறி ஹீட்டரோ, எண்ணெய் ஹீட்டரோ, ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். எண்ணெய் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இருப்பதால் அறை சூடானதும் நின்று நின்று ஓடும். அவ்வளவே. இரவு எட்டு முதல் பதினொன்று வரை, விடியலில் இரண்டு மணி நேரம் என்கிறீர்கள். 2,000 வாட் இடைவிடாமல் ஓடினால் 600 யூனிட். விட்டு விட்டு ஓடினால் 200 முதல் 300. தகரக்கூரையும் இடுக்கு விழுந்த சன்னலும் உள்ள அறையில் அது நிற்கவே நிற்காது.

பல்பு, கணினி, ஹீட்டர், மாமியாருக்கான கூடுதல் வெந்நீர் எல்லாம் சேர்ந்து, நாம் தேடும் 360 யூனிட்டை ஏறக்குறைய நிரப்பிவிடுகின்றன.

இதைப் படித்துவிட்டு யாரும் மாமியார் அறையில் ஹீட்டரை நிறுத்திவிடாதீர்கள். எண்பத்தைந்து வயதில் குளிர் விளையாட்டல்ல. முதலில் சன்னல் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். கதவடியில் துணிச்சுருள் போடுங்கள், கனத்த திரை தொங்கவிடுங்கள், ஹீட்டரின் திருகைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். படுக்கையைச் சூடாக்கும் மின்கம்பளம் நூறு வாட் அளவில்தான் இழுக்கும். படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, படுத்ததும் அணைத்துவிடலாம். அவருக்குச் சர்க்கரை நோயால் காலில் மரத்துப்போன தன்மை இருந்தால், சூடு தெரியாமல் புண்ணாகிவிடும். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இன்னொன்று: பில்லுக்குப் பயந்து கரி அடுப்பையோ தணல் சட்டியையோ மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அணையாத அந்த விளக்கு

கணக்கு பொருந்திவிட்டது என்று இங்கே நிறுத்தியிருப்பேன். ஹீட்டர் 200 யூனிட் தின்றதா, 300 தின்றதா என்பது என் ஊகம்தான். அந்த இடைவெளிக்குள் ஒரு கசிவு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது.

நிலையாக எரியும் விளக்கின் அருகே ‘இ.எல்.’ (எர்த் கசிவு) அல்லது ‘எர்த்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். ஃபேஸ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விளக்கு எரியும். திருட்டைத் தடுப்பதற்காக, இத்தகைய மீட்டர்கள் இரண்டு கம்பிகளையும் அளந்து எது அதிகமோ அதையே கணக்கில் எடுக்கும்படி அமைக்கப்பட்டவை. உங்கள் வீட்டில் இதற்கு இரண்டு காரணங்கள் சாத்தியம். ஒன்று, கீசரின் உள்கம்பி பழுதாகி மின்சாரம் எர்த்தில் கசிவது. மற்றொன்று, கீழே வயரிங் மாற்றியபோது அவர்கள் நியூட்ரலும் உங்கள் நியூட்ரலும் எங்கோ ஒன்றாக முறுக்கப்பட்டிருப்பது. அப்படியானால் கீழ்வீட்டு மின்சாரத்தில் ஒரு பங்கு உங்கள் நியூட்ரல் வழியே திரும்பி, உங்கள் மீட்டரில் ஏறும். டிரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்ததற்கும் இதே காரணங்கள் போதும். அது தன் வேலையைத்தான் செய்தது. புகை வந்தது என்று எச்சரித்த மணியைக் கழற்றி வீசியதைப் போன்ற வேலையை உங்கள் எலக்ட்ரீஷியன் செய்திருக்கிறார்.

சோதிக்கும் முறை இது. மெயின் சுவிட்சை அப்படியே விட்டு, உங்கள் வீட்டுப் போர்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக உள்ள எம்.சி.பி. என்னும் சின்ன சுவிட்சுகளை எல்லாம் இறக்குங்கள். மினுக்கும் விளக்கு நிற்க வேண்டும். நிற்காமல் மினுக்கினால், கீழ்வீட்டாரிடம் கீசரைப் போடச் சொல்லுங்கள். மினுக்கல் வேகம் பிடித்தால் நியூட்ரல் கலந்திருக்கிறது. மாறாக, எம்.சி.பி.க்களை இறக்கியதும் இரண்டு விளக்குகளும் நின்று, உங்கள் கீசரைப் போட்டதும் அந்த நிலையான விளக்கு மட்டும் திரும்ப எரிந்தால் கீசரைச் சந்தேகியுங்கள். உங்கள் வேலை இவ்வளவுதான். போர்டைத் திறப்பதும் பிரிப்பதும் உரிமம் பெற்ற வேறொரு எலக்ட்ரீஷியனின் வேலை. சரிசெய்தபின் 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்சைத் திரும்ப மாட்டாமல் அவரை அனுப்பாதீர்கள். மீட்டர் முத்திரையில் யாரும் கை வைக்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு மூன்றாண்டு சிறை வரை போகும்.

நியூட்ரல் கலந்திருந்தால் அது கீழ்வீட்டாரின் திருட்டு அல்ல, வயரிங் செய்தவரின் அலட்சியம். அவர்களிடம் சந்தேகத்தை அல்ல, சோதனைக்கான உதவியைக் கேளுங்கள். சோதனை என்ற பெயரில் சொல்லாமல் கொள்ளாமல் கீழே மின்சாரத்தைத் துண்டித்து வைக்க உங்கள் கணவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். வாடகைதாரருக்கு அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் தடுக்கிறது.

மீட்டர் மீதே சந்தேகம் தீராவிட்டால்

வயரிங் சரியான பிறகும், உங்கள் ஒரு வாரக் குறிப்புக்கும் மீட்டருக்கும் பொருந்தவில்லை என்றால், பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது பெறுங்கள். 2024-இல் திருத்தப்பட்ட மின்சார நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் பற்றிப் புகார் தந்தால் ஐந்து நாளுக்குள் சரிபார்ப்புக்காகக் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட வேண்டும். ‘மீட்டரை மாற்றுங்கள்’ என்று கேட்பதைவிட இதைக் கேட்பதே உங்களுக்கு நல்லது. மாற்றிவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. நடவடிக்கை இல்லை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. அடுத்து உங்கள் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே சென்னையில் மின்குறைதீர்ப்பாளர்.

புகார் கொடுத்தாயிற்று என்று பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். பதினைந்து நாள் அறிவிப்புக்குப் பின் துண்டிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான தொகை, இவற்றில் குறைவானதை ஆட்சேபத்துடன் கட்டினால் துண்டிக்க முடியாது என்று அதே மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் இப்போதைக்கு நான் பரிந்துரைப்பது முழுத் தொகையையும் கட்டிவிட்டுச் சோதனையைத் தொடங்குவதுதான். பெரும்பகுதி உண்மையாகவே ஓடியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, அந்த நாற்பது சதவீதக் கருவி. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெபாசிட்டரும் ஒரு பச்சை விளக்கும். வீட்டு மீட்டர் எண்ணும் யூனிட்டை அதனால் குறைக்க முடியாது. நம்பிக்கை இல்லாவிட்டால், ஹீட்டர் மட்டும் ஓடும்போது அதைச் செருகியும் எடுத்தும் இருபது மினுக்கலுக்கு ஆகும் விநாடிகளை எண்ணிப் பாருங்கள். ரசீது இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விற்றவர் மறுபடியும் உங்கள் பக்கம் வருவதாகச் சொன்ன நாளில், மீட்டர் முன்னால் அவரையே எண்ணச் சொல்லிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.